சொந்த கொழுப்பை எடுத்து மார்புல ஏத்துறது: மலைப்பக்கம் யாராவது செஞ்சிருக்கீங்களா?

9 பிப்ரவரி 2024, கேள்வி

கூடலூர்ல இருந்து கேக்குறேன். வயசு 26, வெயிட் 46 கிலோ. ஆவணில கல்யாணம். மார்பு ரொம்ப சின்னதா இருக்குன்னு பள்ளிக்கூடத்துல இருந்தே ஒரு குறை. சிலிக்கான் பை வைக்கற இம்ப்ளான்ட்னா பயமா இருக்கு. வயித்துல தொடைல இருக்கற கொழுப்பையே எடுத்து மார்புல ஊசி போட்டு ஏத்துவாங்களாம், நம்ம கொழுப்புதானே, சைடு எஃபெக்டே கிடையாதுன்னு இன்ஸ்டால ஒருத்தர் சொல்றார். கூட வேலை பாக்குற அக்கா, குளிர் ஊர்ல கொழுப்பு கரையாம நிக்கும்னு சொல்றாங்க. நிஜமா? செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

10 பிப்ரவரி 2024

தங்கச்சி, நான் செஞ்சிருக்கேன். கோத்தகிரில தையல் கடை. ஊர்ல பாதிப் பேரோட அளவு பிளவுஸ் எங்கிட்டதான் இருக்கு, அதனால பேர் போடல. எனக்கு வலது பக்கம் பொறந்ததுல இருந்தே சின்னது, இடது சாதாரணம். எனக்கு நானே பிளவுஸ் தைக்கும்போது வலது கப்புக்குள்ள லைனிங் துணிய மடிச்சு மடிச்சு வச்சு தைப்பேன், டாட் ஒரு பக்கம் ஆழமா பிடிப்பேன், இன்னொரு பக்கம் லேசா. 2022ல கோயம்புத்தூர் போய் வலது பக்கத்துக்கு மட்டும் கொழுப்பு ஏத்திக்கிட்டேன். இது வேணும்னு ஆசைப்பட்டதுக்கு நான் வெக்கப்படல, நீயும் வெக்கப்படாத.

குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஊட்டில உறைபனி விழுந்தாலும் உடம்புக்குள்ள அதே 37 டிகிரிதான். கொழுப்பு நிக்கறதும் நிக்காததும் ரத்தம் போறத பொறுத்தது. அட்ரினலின் கலந்த உப்புத்தண்ணிய முதல்ல வயித்துலயோ தொடைலயோ ஊசில ஏத்துவாங்க, ரத்தம் அதிகம் போகாம இருக்க. அப்புறம் கேனுலான்னு மெல்லிசு குழாய்ல உறிஞ்சுவாங்க. வந்ததுல தண்ணி, ரத்தம், உடைஞ்ச எண்ணெய் எல்லாத்தயும் பிரிச்சு எடுத்துட்டு மிச்சம் இருக்கற கொழுப்ப சின்னச் சின்ன துளியா பல அடுக்குல வைப்பாங்க, தோலுக்கு அடியில, பால் சுரப்பிக்குப் பின்னாடி, சதைக்குள்ள. ஒரே இடத்துல மொத்தமா வச்சா நடுவுல இருக்கற கொழுப்புக்கு ரத்தமே போய் சேராது, செத்துடும். மிளகு சைஸ விட சின்னதா வைக்கணும்னு எனக்கு செஞ்ச டாக்டர் சொன்னாங்க. முதல் சில நாள் அந்தக் கொழுப்புக்கு சொந்தமா ரத்தக்குழாய் கிடையாது, சுத்தி இருக்கற திசுல இருந்து கசியற சத்துலதான் உயிர் பிடிச்சு இருக்கணும், அதுக்கப்புறம்தான் புது நாளம் வளர்ந்து வந்து சேரும்.

ஏத்துனது எல்லாம் நிக்காது. பாதில இருந்து முக்கால்வாசி வரைக்கும் நிக்கும்னு பொதுவா சொல்லுவாங்க, ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கமும் கூட மாறும். ஒரு தடவைல ஒரு கப் சைஸ் கூடுனா நல்ல ரிசல்ட். ரெண்டு சைஸ் வேணும்னா ரெண்டாவது தடவை போகணும்.

இப்ப உன் 46 கிலோ. ஒரு பக்கத்துக்கு 200 மில்லி ஏத்தணும்னா உறிஞ்சறது அதுக்கு ரெண்டு மடங்கு கிட்ட இருக்கணும், ஏன்னா வடிகட்டுனா பாதி போயிடும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து அவ்வளவு கொழுப்பு உங்கிட்ட இருக்கா? வயித்த கிள்ளிப் பாரு, கைக்குள்ள என்ன வருதோ அதுதான் கையிருப்பு. இதுக்காக சாப்ட்டு வெயிட் ஏத்துறாங்க சில பேரு, பின்னாடி இளைச்சா ஏத்துன கொழுப்பும் சேந்து இளைக்கும், அது உன் உடம்போட கொழுப்புதான, வயித்துல இருந்தா எப்படி நடந்துக்குமோ மார்புலயும் அப்படியே நடந்துக்கும்.

சைடு எஃபெக்டே இல்லன்னு சொன்னவர நம்பாத. சொந்த கொழுப்பு, அதனால உடம்பு ஒதுக்காது, அவ்வளவு வரைக்கும் உண்மை. செத்த கொழுப்பு எங்க போகும்? கொஞ்சம் உடம்பே உறிஞ்சுக்கும், கொஞ்சம் எண்ணெய்க் கட்டியா நிக்கும், கொஞ்சம் கல்லு மாதிரி கெட்டியாகும், சுண்ணாம்பு படியும். இன்ஃபெக்‌ஷன் வரலாம், எடுத்த இடம் மேடுபள்ளம் ஆகலாம். ரொம்ப அபூர்வமா ஊசி நுரையீரல் உறைல பட்டு காத்து புகுந்துடும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லாத டாக்டர்கிட்ட போகாத.

11 பிப்ரவரி 2024

கல்யாணத்தப் பத்தி நேத்து விட்டுட்டேன். ஆவணிக்கு இன்னும் ஆறு மாசம். முதல் மாசம் பாக்கற சைஸ் வீக்கம், அத நம்பி முகூர்த்த பிளவுஸ் தைக்கக் குடுத்துடாத. சைஸ் ஒரு நிலைக்கு வர மூணுல இருந்து ஆறு மாசம் ஆகும். நான் இஞ்ச் டேப் வச்சு வாராவாரம் அளந்தேன், முதல்ல வலது பக்கம் இடது பக்கத்த விட பெருசா நின்னுச்சு, பாத்து பயந்தே போயிட்டேன், அப்புறம் குறைய ஆரம்பிச்சு ரெண்டும் கிட்டத்தட்ட சமமாச்சு, இன்னைக்கும் அரை இஞ்ச் வித்தியாசம் இருக்கு, அது எனக்குப் போதும்.

இன்னொண்ணு, கட்டிக்கப் போறவர்கிட்ட சொல்லணுமான்னு தனியா கேட்டிருந்த. உன் உடம்பு, உன் முடிவு. ஆனா யாருக்கும் தெரியாம அவசர அவசரமா கல்யாணத்துக்கு முன்னாடி முடிக்கணும்கற நெருக்கடில டாக்டர் செலக்ட் பண்ணாத, அதுலதான் ஏமாறுறாங்க.

17 பிப்ரவரி 2024

"ஆண்டவன் குடுத்தது போதும்னு இருக்கத் தெரியாதா, பணத்த கொண்டு போய் கொட்டணுமா"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். அண்ணே, என் கடைக்கு வர்ற பொண்ணுங்க ட்ரையல் ரூம்ல கதவ சாத்திட்டு அளவு எடுக்கும்போது தோளை முன்னாடி வளைச்சு நிப்பாங்க. நேரா நில்லும்மான்னு சொன்னா கண்ணு கலங்கிடும். பதினெட்டு வயசுப் பொண்ணுங்கண்ணே. கப் பிளவுஸ் குடுக்கறேன், ஸ்பாஞ்ச் வச்சு தைக்கறேன், முக்கால்வாசிப் பேருக்கு அது போதும், சந்தோஷமா போறாங்க. சில பேருக்கு போதாது. எனக்கு போதல. பல்லு கோணலா இருந்தா கம்பி கட்டுறோம், அப்ப யாரும் ஆண்டவன இழுக்கறதில்ல.

பணம்தான் பிரச்சனைன்னா, 2018ல சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரில ஏழைப் பெண்களுக்கு மார்பு அழகு சிகிச்சை இலவசமா செய்யறதா நம்ம அரசாங்கமே ஆரம்பிச்சுது. அப்பவும் பேப்பர்ல இதே கேள்விதான் வந்துச்சு, ஏழைக்கு எதுக்கு இதுன்னு. ஏழைக்கு மட்டும் மனசு இல்லையா?

3 மார்ச் 2024

குன்னூர்ல இருந்து ரிட்டயர்ட் நர்ஸ் அம்மா ஒருத்தங்க, எங்க காலத்துல இது கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களே, எப்ப மாறுச்சுன்னு கேட்டிருக்காங்க. அம்மா சொல்றது சரி. ஆனா கதை அதுக்கும் முன்னாடி ஆரம்பிக்குது. 1895லயே ஜெர்மனில செர்னின்னு ஒரு சர்ஜன், மார்புல கட்டி எடுத்த பொம்பளைக்கு அவங்க முதுகுப்பக்கம் இருந்த கொழுப்புக்கட்டிய எடுத்து அந்தப் பள்ளத்துல வச்சு தச்சிருக்கார். நூத்து முப்பது வருஷத்துக்கு கிட்ட ஆகுது. 1980கள்ல கொழுப்ப குழாய்ல உறிஞ்சி எடுக்கற லைப்போசக்‌ஷன் பரவுன பிறகு ஊசில ஏத்துறது வந்துச்சு. 1987ல அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் சங்கம், மார்புல கொழுப்பு ஏத்தவே கூடாதுன்னு அறிக்கை விட்டாங்க. காரணம், செத்த கொழுப்புல படியற சுண்ணாம்பு மேமோகிராம்ங்கற மார்பு எக்ஸ்ரேல புத்துநோய் புள்ளியோட குழம்பிடும், நோய் இருந்தாலும் தெரியாம போயிடும்கற பயம். நர்ஸ் அம்மா படிச்சது அந்தக் காலம்.

அப்புறம் கோல்மேன்னு ஒரு டாக்டர், கொழுப்ப நசுக்காம எடுத்து, சென்ட்ரிஃப்யூஜ்ங்கற வேகமா சுத்துற மெஷின்ல சுத்தி, துளித்துளியா வைக்கற முறைய ஒழுங்குபடுத்துனார். ஸ்கேன் பாக்கறதும் முன்னேறிடுச்சு, அனுபவப்பட்ட ரேடியாலஜி டாக்டர் பெரும்பாலும் ரெண்டையும் பிரிச்சு சொல்லிடுவாங்க, எண்ணெய்க் கட்டியோட சுண்ணாம்பு முட்டை ஓடு மாதிரி வட்டமா தெரியும். 2009ல அதே சங்கம் பழைய தடைய தளர்த்திடுச்சு, செய்யலாம், ஆனா ஆள் பாத்து, ரிசல்ட் செய்யறவங்க கைய பொறுத்ததுன்னு சொன்னாங்க.

1987ல பயந்தது வீண் பயம் இல்லம்மா. இன்னைக்கும் அந்த சுண்ணாம்பு படியத்தான் செய்யுது. என் விஷயத்துல என்ன ஆச்சுன்னு தனியா எழுதறேன், இப்ப கடைல ஆள் நிக்குது.

12 மே 2024

சீசன் கூட்டம், இ-பாஸ் வந்தும் மலைப்பாதைல வண்டி நகரல. இந்த மாசம் ஆப்பரேஷன் வைக்காதீங்க. கோவைல இருந்து திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுல வண்டி ஆடுற ஒவ்வொரு ஆட்டமும் தொடைலயும் வயித்துலயும்தான் இறங்கும். மார்பு அவ்வளவா வலிக்கல எனக்கு. கொழுப்பு எடுத்த இடம்தான், அப்பப்பா, அடிச்சுப் போட்ட மாதிரி, நீலம் பச்சை மஞ்சள்னு கலர் மாறி மாறி ஆறுச்சு. சீட் பெல்ட் மார்புக்கு குறுக்க அழுத்தாம இருக்க ஒரு சின்ன தலையணைய இடைல வச்சுக்கிட்டேன். ரெண்டு ராத்திரி கோவைலயே தங்கிட்டு ஏறுங்க, கூடலூர்க்காரங்க கண்டிப்பா, உங்களுக்கு ஊட்டி ஏறி மறுபடி இறங்கணும்.

மலைல இருக்கறவங்களுக்கு யாரும் சொல்லித் தராத மூணு விஷயம் இருக்கு, கேட்டுக்கங்க.

வயித்துக்கும் தொடைக்கும் டைட்டா ஒரு பிரஷர் கார்மென்ட் குடுப்பாங்க, வாரக்கணக்கா போடணும். நம்ம ஊர் மழைல ஒண்ணு துவைச்சா காய மூணு நாள் ஆகும். ரெண்டு வாங்கிக்கங்க. ஈரத்தோட போட்டா கேனுலா போன ஓட்டைல புண்ணு வந்துடும்.

ரெண்டாவது, ரொம்ப முக்கியம், சுடுதண்ணி பை. ராத்திரி குளிருக்கு வயித்துல வச்சுட்டு தூங்கற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. கொழுப்பு எடுத்த இடத்துல தோல் மாசக்கணக்கா மரத்துப் போய் இருக்கும், சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கணப்பு பக்கத்துல ஒட்டி உக்காரறதும் அப்படித்தான். நான் முதல் வாரமே பைய எடுத்து பக்கத்து வீட்டு பாட்டிக்கு குடுத்துட்டேன்.

மூணாவது, தேயிலை பறிக்கறவங்க, கேரட் காட்டுல வேலை செய்யறவங்க, டாக்டர் "லைட் வேலை செய்யலாம்"னு சொன்னா அது ஃபேன் கீழ உக்காந்து செய்யற வேலைன்னு அர்த்தம். சரிவுல ஏறி இறங்கறது, கூடைய முதுகுல தொங்கவிட்டு கைய நீட்டி நீட்டி பறிக்கறது எல்லாம் லைட் வேலை இல்ல. என்ன வேலைன்னு டாக்டர்கிட்ட விளக்கிச் சொல்லி, எத்தனை வாரம்னு கேட்டு வாங்குங்க. மார்பு மேல அழுத்தமே கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, கம்பி வச்ச பிரா கூடாது. புகை பிடிக்கறவங்க பக்கத்துல கூட இருக்காதீங்க, புகை ரத்தக்குழாய சுருக்கிடும், புதுக் கொழுப்பு அதுலயே போயிடும்.

ஒரு சவுகரியம் உண்டு. ஸ்வெட்டரும் சால்வையும் போட்டா நம்ம ஊர்ல எவளுக்கு என்ன மாறுச்சுன்னு யாருக்கும் தெரியாது. மாமியார் கூட கண்டுபிடிக்கல.

20 ஜூலை 2024

மார்ச்ல சொல்றேன்னு சொன்னத இப்பதான் எழுத முடியுது, நடுவுல ஆடித் தள்ளுபடி, கல்யாண ஆர்டர்.

ஆப்பரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் கிட்ட இருக்கும், குளிக்கும்போது வலது பக்கம் கீழ்ப்பக்கமா பட்டாணி சைஸ்ல ஒரு கட்டி கைல தட்டுப்பட்டுச்சு. அழுத்துனா வலி இல்ல, வலி இல்லாத கட்டிதான் ஆபத்துன்னு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்து அன்னைக்கு மெஷின்ல உக்காரவே முடியல. என் பெரியம்மா புத்துநோய்ல போனவங்க. வீட்ல சொல்லாம ஊட்டி போய் ஒரு லேடி டாக்டர பாத்தேன். அவங்க முதல் கேள்வி, என்ன செஞ்சாங்க, எவ்வளவு ஏத்துனாங்க, எந்த அடுக்குல வச்சாங்க, முன்னாடி எடுத்த ஸ்கேன் எங்க? நான் டிஸ்சார்ஜ் பேப்பர நீட்டுனேன். அதுல "அழகு சிகிச்சை செய்யப்பட்டது, நோயாளி நலமாக உள்ளார்"ங்கற அளவுக்குத்தான் இருக்கு. கொழுப்புங்கற வார்த்தையே இல்ல. மில்லி கணக்கு இல்ல. ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கவே இல்ல, வயசு கம்மிதான, தேவையில்லன்னுட்டாங்க. அந்த கோவை ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணா ரெக்கார்ட் ரூம்ல கேக்கறேன்னு சொல்லிச் சொல்லி இழுத்தடிச்சாங்க, கடைசி வரை வரல. பெரியம்மா விஷயத்தயும் யாரும் அங்க கேக்கல, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு ஒரே ஒரு கேள்வி. அத கேக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? இன்னைக்கும் நினைச்சா வயிறு எரியுது.

ஊட்டி டாக்டர் அல்ட்ராசவுண்ட் பாத்தாங்க. எண்ணெய்க் கட்டி மாதிரிதான் தெரியுது, ஆனா பழைய படம் இல்லாததால ஊசி போட்டு பாத்துடலாம்னாங்க. சிரிஞ்ச்ல மஞ்சளா எண்ணெய் வந்துச்சு, கட்டி அப்படியே அமுங்கிடுச்சு. எண்ணெயத் தவிர ஒண்ணும் இல்லன்னு டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் தூங்கல.

அதனால இத மட்டும் எல்லாரும் செய்யுங்க. ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன், வயச பொறுத்து அல்ட்ராசவுண்டோ மேமோகிராமோ டாக்டர் சொல்லுவாங்க. முடிஞ்சு ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு இன்னொண்ணு, அதுதான் பின்னாடி வர்ற எல்லா டாக்டருக்கும் அடிப்படை. டிஸ்சார்ஜ் பேப்பர்ல கொழுப்பு ஏத்துனதுன்னு தெளிவா, எங்க இருந்து எடுத்தது, எந்தப் பக்கம் எத்தனை மில்லி, எந்த அடுக்குலன்னு எழுதி வாங்காம பில்ல கட்டாதீங்க. வெக்கப்பட்டு பேப்பர கிழிச்சுப் போடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. பீரோல நகைப்பெட்டி பக்கத்துல வைங்க.

கட்டி வந்ததுக்காக செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வலது கப்புல துணி மடிச்சு வைக்காம பிளவுஸ் போடறேன். ஆனா எது வந்தாலும் "அது அந்தக் கொழுப்புதான்"னு நீங்களே முடிவு பண்ணி வீட்ல உக்காந்துடாதீங்க. கட்டின்னா ஸ்கேன்.

8 நவம்பர் 2024

கூடலூர் தங்கச்சி எழுதியிருக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம். டாக்டர பாத்திருக்கா, கொழுப்பு போதாது, ஒரு பக்கத்துக்கே நிறைய இழுக்க வேண்டி வரும், இப்ப வேண்டாம், குழந்தை பெத்து பால் குடுத்து முடிச்ச பிறகு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அவளுக்கு வருத்தம். எனக்கு அந்த டாக்டர் மேல மரியாதை வருது, வர்ற காச வேண்டாம்னு சொன்னவங்க. பால் சுரப்பிக்குள்ள ஏத்தறதில்ல, அதனால பால் குடுக்க பொதுவா தடை இல்ல, ஆனா கர்ப்பத்துல சைஸே மாறும், இப்ப செஞ்சது அப்ப என்ன ஆகும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. கப் பிளவுஸ் தைக்க வா தங்கச்சி, கூலி வேண்டாம்.

அரசு தேயிலைத் தோட்டம் டேன்டீயோட தொழிலாளர் லைன் வீட்டுல இருந்து ஒரு அக்கா. புத்துநோய்க் கட்டி எடுத்து ரேடியேஷன் முடிஞ்சு சில வருஷம் ஆச்சு, எடுத்த இடத்துல பள்ளம் விழுந்து தோல் எலும்போட ஒட்டுன மாதிரி இருக்கு, இவங்களுக்கு இது ஆகுமான்னு கேள்வி. அக்கா, செர்னி டாக்டர் முதல்ல செஞ்சதே அப்படி ஒரு பள்ளத்துக்குத்தான். ரேடியேஷன் பட்ட தோல்ல கொழுப்பு நிக்கறது கம்மி, ரெண்டு மூணு தடவை செய்ய வேண்டி வரலாம், ஆனா ஏத்துன பிறகு இறுகுன தோல் இளகுதுன்னு டாக்டர்கள் நிறைய பாத்திருக்காங்க. முதல்ல உங்களுக்கு புத்துநோய் வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட போங்க, அவங்க சரின்னு சொல்லாம யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க. இன்சூரன்ஸ் இருந்தா பாலிசிய எடுத்துப் பாருங்க, அழகு சிகிச்சைக்கு பணம் தர மாட்டாங்க, ஆனா விபத்து, தீக்காயம், புத்துநோய் இதுக்கப்புறம் சீரமைக்கறது அந்த விலக்குல வராது. "அழகு சிகிச்சை"ன்னு ஆஸ்பத்திரி எழுதிட்டா கிளெய்ம் போச்சு, "புத்துநோய்க்குப் பின் சீரமைப்பு"ன்னு எழுதச் சொல்லுங்க, அதுதான உண்மையும்.

அது வரைக்கும், பிராவுக்குள்ள ஒரு பாக்கெட் தச்சு பஞ்சு வைக்கற மாதிரி நான் தச்சுத் தரேன், எந்த வேலைக்கும் நகராது, இங்க சில அக்காங்களுக்கு தச்சுக் குடுத்திருக்கேன். நம்ம ஆளுங்க சிலோன்ல இருந்து வந்து இந்த மலைல வேர் பிடிச்சவங்க, உங்ககிட்ட நான் காசு வாங்குவேனா.

மழை வலுக்குது. 2009 நவம்பர் மண்சரிவு ஞாபகம் இருக்கறவங்க இந்த மாசத்துல கோவை செக்கப் வர்ற மாதிரி தேதி வாங்காதீங்க, ரோடு எப்ப மூடும்னு சொல்ல முடியாது, தையல்ல சீழ் வச்சா இறங்க வழி இருக்காது.

11 நவம்பர் 2024

பியூட்டி பார்லர்ல ஊசில ஏத்துறாங்க, கொழுப்பு கூட எடுக்க வேண்டாமாம்னு ஒரு பொண்ணு. போகாத. கொழுப்பு எடுக்காம ஊசின்னா அது வேற ஏதோ சரக்கு, உள்ள போனா முழுசா திருப்பி எடுக்கறது ரொம்ப கஷ்டம். எம்.சிஎச்ங்கற மேல்படிப்புல பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவங்களா, ஆப்பரேஷன் தியேட்டர் இருக்கற ஆஸ்பத்திரியா, மயக்க டாக்டர் தனியா இருக்காங்களா, மூணும் கேளு.

16 ஜனவரி 2025

பொங்கல் கழிஞ்சு இப்பதான் பாத்தேன். நாப்பது தாண்டியாச்சு, முன்ன கொழுப்பு ஏத்திக்கிட்டது, இப்ப மேமோகிராம் கேம்ப்ல போய் எடுக்கலாமா, அழுத்துனா கொழுப்பு நசுங்கிடுமான்னு குன்னூர் அக்கா கேட்டிருக்காங்க. பிழைச்சு நின்ன கொழுப்பு உங்க திசுவோட திசுவா ஆயிடுச்சு அக்கா, அந்த அழுத்தத்துல ஒண்ணும் ஆகாது, தாராளமா எடுங்க, தவறாம எடுங்க. மெஷின்ல நிக்கறதுக்கு முன்னாடியே டெக்னீஷியன்கிட்ட சொல்லிடுங்க, கொழுப்பு ஏத்தியிருக்கு, இந்த வருஷம், இந்தப் பக்கம்னு. அவங்க ஃபார்ம்ல எழுதறாங்களான்னு நின்னு பாருங்க. பழைய ஸ்கேன் சிடி, டிஸ்சார்ஜ் பேப்பர் ரெண்டையும் கையோட கொண்டு போங்க, ரிப்போர்ட் எழுதற டாக்டர் கைக்கு அது போகணும். கேம்ப்ல கூட்டமா இருந்தா, பழைய படத்தோட ஒப்பிட்டு பாத்தாங்களான்னு ரிப்போர்ட் வாங்கும்போது கேளுங்க, பாக்கலன்னா அங்கயே உக்காந்து பாக்கச் சொல்லுங்க.